மைக்கு போடாத காலை

போன வாரம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பாதித் துவைப்பில் நின்றுபோனது. தண்ணீர் வடியவில்லை, கதவு திறக்கவில்லை, என் கணவருடைய ஒரே நல்ல வேட்டி உள்ளே மாட்டிக்கொண்டது. மெக்கானிக் வந்து பின்பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டை உருவி என்னிடம் காட்டினார். செம்பு இருந்த இடமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. “உப்புக் காத்துக்கா. நீங்க பாண்டியில இருக்குற வரைக்கும் இது வந்துக்கினேதான் இருக்கும்” என்றார். பழைய டூத் பிரஷ் ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தப் பச்சையைத் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தன் வேலையை மேற்பார்வை பார்க்கிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

இந்தப் பச்சை எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஜன்னல் கம்பிக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்குக் கம்பி இருக்காது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கடற்கரைச் சாலையில் நின்று மூச்சை ஆழமாக இழுத்து “என்ன காத்து, என்ன காத்து” என்பார்கள். அந்தக் காற்றுதான் எங்கள் வீட்டுக் கீல், தாழ்ப்பாள், ஸ்கூட்டர் செயின் என்று ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கிறது என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை. வந்தவர்கள் சந்தோஷமாகப் போகட்டும்.

ஆனால் பச்சையும் ஸ்பிரிட்டும் சேர்ந்த அந்த வாசனையில் எனக்கு நினைவு வருவது வீடு இல்லை. ஒரு ஆம்ப்ளிஃபையர். அதன் முன்னால் உட்கார்ந்து சில வருடங்கள் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். கடலில் இன்று அலை எவ்வளவு உயரம் என்று மைக்கில் சொல்கிற வேலை.

சுனாமிக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கடலோரக் குப்பங்களில் அறிவிப்பு மையம் என்று ஒரு அறை கட்டி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆம்ப்ளிஃபையர், வெளியே ஒரு கம்பத்தில் ஆளுக்கொரு திசை பார்த்த இரண்டு குழாய் ஸ்பீக்கர் என்று வைத்தார்கள். தினமும் விடியற்காலை எங்கோ தொலைவில் இருக்கும் அலுவலகத்திலிருந்து அன்றைய அலை உயரமும் காற்றின் திசையும் கம்ப்யூட்டருக்கு வரும். அதைப் படித்து மைக்கில் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே இருந்த ஒரு குப்பத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. குப்பத்தின் பெயர் வேண்டாம். எழுதினால் அங்கிருக்கும் என் சிநேகிதிகள் “எங்களப் பத்தி எழுத நீ யாரு” என்று சண்டைக்கு வருவார்கள், எழுதாவிட்டாலும் வருவார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது முதலியார்பேட்டை. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு வீட்டில் யாராவது ஒருவர் மாதச் சம்பளம் கொண்டுவர வேண்டியிருந்தது, கையில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இருந்ததால் அந்த ஒருவர் நானானேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்னலாம் என்பதுதான். நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடலைப் பற்றி மைக்கில் அறிவித்தேன். முதல் நாள் வானொலியில் செய்தி வாசிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, “தென்கிழக்குத் திசையிலிருந்து மிதமான காற்று வீசக்கூடும்” என்று ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒருவரையொருவர் “வீசக்கூடும்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் எனக்கும் அதுதான் பெயர். பிறகு “மைக்கு பொண்ணு” என்று நிலைத்தது.

மைக்குக்கு வேறு வேலைகளும் வந்து சேர்ந்தன. ரேஷனில் மண்ணெண்ணெய் வந்தது, யார் வீட்டு ஆடோ யார் வீட்டுக் கருவாட்டையோ தின்றது, மஞ்சள் கயிறு கட்டிய சாவிக்கொத்து ஒன்று கிடந்தது, எல்லாவற்றையும் அலைக்குப் பிறகு சொல்வேன். கருவாட்டு வழக்கைச் சொன்ன அன்று ஆட்டுக்காரி என் அறைக்கு வந்து, அந்த ஆடு கருவாடே தின்னாது என்று மைக்கில் மறுப்புச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அறைக்குப் பக்கத்து வீடு அஞ்சலை அக்காவுடையது. பக்கத்து வீடு என்றால் கடலுக்கு முதல் வீடு. முன்னால் இன்னும் மூன்று வரிசை வீடுகள் இருந்தனவாம். அவற்றுக்கும் முன்னால் படகுகள் கிடக்க, வலை காய, பிள்ளைகள் பந்து விளையாட மணல் இருந்ததாம். நான் போனபோது மணல் ஒரு புடவை விரிக்கும் அகலத்துக்குத்தான் இருந்தது. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கரை நீட்டியதிலிருந்து இந்த ஆட்டம் என்று என் அலுவலகத்து மேலதிகாரி ஒருமுறை காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையோடு சேர்ந்து வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே. வழியில் கல்லை வைத்து மறித்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே கடல் கரையைத் தின்னும். கடல் வராமலிருக்கக் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் கடல் இரண்டு மடங்கு ஆத்திரத்தோடு அறுக்கும். எங்கள் குப்பத்தில் கல் முடிந்த இடம் அஞ்சலை அக்காவின் வீட்டுக்கு நேர் எதிரே.

அக்காவுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வீடு ஒதுக்கியாகிவிட்டது. ஊருக்கு மேற்கே, அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. சாவியும் கொடுத்துவிட்டார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் அந்தச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா போகவில்லை. மகள் மலருக்குத் தையில் கல்யாணம் வைத்திருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அவள் தன் வீட்டு வாசற்படியிலிருந்து இறங்கி, நேரே போய்க் கடலில் கால் நனைத்து, கடலிடம் சொல்லிக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். அஞ்சலை அக்காவின் நாத்தனார்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்களாம். “குவாட்டர்ஸ்ல மாடிப்படி எறங்கி எங்கடி கால நனைக்கிறது, தண்ணி டேங்குலயா” என்று அக்கா மகளிடம் கேட்டதை நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். மலருக்கும் ஆசை இருந்தது.

அதனால் அந்த ஐப்பசி முழுவதும் அக்காவின் கவலை ஒன்றுதான். தை வரைக்கும் வீடு நிற்க வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைக்காற்று கடலைக் கிளப்பிவிடுகிற காலத்தைத் தாண்டிவிட்டால் போதும், தையில் கடல் அடங்கிவிடும். காலையில் நான் அறையைத் திறக்கும்போதே சுவரோரம் வந்து நிற்பார்.

“இன்னிக்கி எவ்ளோ பாப்பா?”

“ஒன்னரை மீட்டருக்கா.”

அக்கா கையைத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொள்வார். இரண்டு மீட்டர் என்றால் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்து, உள்ளே போய்விடுவார். அப்புறம் சாக்கில் மண்ணை அள்ளிக் கட்டுகிற சத்தம் கேட்கும். அவர் கணவர் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் போய்ப் பல நாள் கழித்துத் திரும்புகிறவர். வீட்டில் ஆண் என்று இருந்தவர் மாமனார் காத்தான் தாத்தா மட்டும். அவருக்கு இழுப்பு, கட்டிலை விட்டு இறங்க முடியாது.

காத்தான் தாத்தா கப்பல்கள் வந்த காலத்தில் கடலுக்குள் நீண்ட சரக்குப் பாலத்தில் மூட்டை இறக்கியவர். அந்த வாசற்படிக் கல்லே ஏதோ ஒரு பழைய பிரெஞ்சுக்காரன் கட்டடத்தை இடித்தபோது நான்கு பேரோடு சேர்ந்து தூக்கிவந்து போட்டது என்பார். நான் மைக்கில் பேசி முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து “மெர்சி, மைக்கு” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி ஒரு குரல் வரும். அலை எவ்வளவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் உச்சரிப்பைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஊர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். குப்பத்தில் அவரை நாட்டார் என்பார்கள், அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. “யாராவது பூட்டாங்கன்னா பொணம் எடுக்குற வரைக்கும் யாரும் கடலுக்குப் போவ மாட்டோம். அன்னிக்கி நீ மைக்கப் போடக் கூடாது, தெரிஞ்சுக்கோ” என்றார். நான் அப்படியே செய்தேன். கொஞ்ச நாளில் அது தலைகீழாகவும் பழகிவிட்டது. வீடு வீடாகப் போய்ச் சாவுச் செய்தி சொல்லவே வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் மைக் ஓசை இல்லை என்றால் யாரோ போய்விட்டார்கள் என்று குப்பமே புரிந்துகொள்ளும். படகை இறக்கியவர்கள் திருப்பி இழுத்துவிடுவார்கள்.

கார்த்திகையில் ஒருநாள். காகிதத்தில் அன்றைய அலையை எழுதிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரியவில்லை. தட்டினேன். பிளக்கை மாற்றிச் செருகினேன். பிசிக்ஸ் படித்தவள் இல்லையா, திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தேன். எல்லாம் பச்சை. டிராயரில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, பஞ்சில் நனைத்து, ஒரு செவிலியின் பொறுமையோடு துடைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் துடைத்தேன் என்று தெரியாது. தலையை நிமிர்த்தியபோது வெளியே கூட்டம் ஓடுகிற சத்தம்.

வெளியே வந்தால், தண்ணீரில் இறங்கியிருந்த படகுகளை எல்லாம் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டமாக அஞ்சலை அக்கா வீட்டுப் பக்கம் போனார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். யார் என்று ஒருவரையொருவர் கேட்கக்கூட இல்லை. இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்தவர் காத்தான் தாத்தாதான், வேறு யாராக இருக்கும். மேளக்காரரைக் கூட்டிவர ஒருவர் சைக்கிளில் போயே விட்டார். நான் “ரிப்பேர், ரிப்பேர்” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். மைக் இல்லாத என் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் வாசலில் அழுகை தொடங்கியிருந்தது. உள்ளே கட்டிலில் காத்தான் தாத்தா உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“யாருடா செத்தது?”

நாட்டார்தான் முன்னால் வந்து, “உன்னயத்தான் பாக்க வந்தோம்” என்றார்.

தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. “நான் செத்தா நானே வந்து சொல்றேன். போயி பொழப்பப் பாருங்கடா” என்று மறுபடியும் பன்னை நனைத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. திருப்பி இழுத்த படகை அன்றைக்கே மறுபடியும் இறக்குகிற வழக்கம் அங்கே இல்லை. ஒரு நாள் கடல் போச்சு. வஞ்சிரம் ஓடுகிற சமயம் வேறு. “மெஷின நம்பி வாயால ஒரு வார்த்த கேக்காம பூட்டோம்” என்று ஒருவர் என் காதில் விழும்படி சொன்னார். சொல்ல உரிமை இருந்தது. ஆண்கள் எல்லோரும் அக்கா வீட்டு எதிரிலேயே, இருந்த கொஞ்சம் மணலில் உட்கார்ந்து சீட்டாடத் தொடங்கினார்கள். நான் அறைக்குத் திரும்பி மறுபடியும் பஞ்சை எடுத்தபோதுதான் காலையில் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்தேன். காலையில் கடலுக்குப் போகலாம், பிற்பகலுக்கு மேல் அலை மூன்று மீட்டர்வரை எழும் என்று இருந்தது. இந்தக் கலவரத்தில் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

மறுபடியும் ஓடினேன். இந்த முறை சொன்னதைக் கேட்டார்கள். அஞ்சலை அக்கா கையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்தார், பிறகு விரலை நீட்டினார், அதற்கும் மேலே எவ்வளவு என்று தெரியாமல் கையைக் கீழே போட்டுவிட்டார். “தை வரைக்கும் நிக்காது பாப்பா” என்றார். சத்தம் போட்டு அழவில்லை. மலர் உள்ளே போய்ச் சுவரிலிருந்த சாமி படத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

நாட்டார் சீட்டைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். மற்றவர்களும் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை நான் எத்தனையோ முறை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வழக்கமான நாளாக இருந்தால் அந்த நேரத்தில் குப்பத்தில் ஆண்களே இருந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் கடலில், இல்லாவிட்டால் மீனை ஏலம் போடத் தேங்காய்த்திட்டில். அன்று அத்தனை பேரும் கரையில் இருந்தார்கள். உரச்சாக்கில் மண்ணை அள்ளினார்கள். உதவாத பழைய வலைகளை விரித்து, இடிந்த வீடுகளின் செங்கல்லையும் ஜல்லியையும் அதில் கொட்டி, மூட்டையாக இறுக்கிக் கட்டி, கருங்கல் முடிகிற இடத்திலிருந்து வரிசையாக உருட்டிவிட்டார்கள். பனைமரத் துண்டுகளை நட்டார்கள். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் கொடுத்தோம். நானும்தான். துக்கத்துக்குக் கூட்டிவந்த மேளக்காரர் வந்தது வீணாகப் போக வேண்டாம் என்று சட்டையைக் கழற்றிவிட்டு மண் அள்ளினார். கட்டிலில் இருந்தபடியே தாத்தா ஏலேலோ போட்டார், இரண்டு வரிக்கு ஒருமுறை இருமினார்.

சொன்னபடி பிற்பகலில் கடல் எழுந்தது. முதலில் அக்கா வீட்டு முருங்கை மரம் போனது. பிறகு குளியல் மறைப்பு, பிறகு வேலி. வலை மூட்டைகள் சில உருண்டுபோயின, போன இடத்தில் புதிதாகப் போட்டார்கள். இருட்டுகிற நேரத்துக்கு அலை வாசற்படிக் கல்லைத் தொட்டது, நனைத்தது, திரும்பியது. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை. அஞ்சலை அக்கா அந்தக் கல்லின் மேலேயே கால் நனைய உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. அன்று விடியற்காலை மைக்கில், “அலை உயரம் அரை மீட்டர். காற்று மெல்லிசு. நம்ம மலருக்குக் கல்யாணம்” என்றேன். குப்பமே சிரித்தது சுவர் வழியாகக் கேட்டது. மலர் வாசற்படியிலிருந்து இறங்கியதும் நடக்க மணல் இல்லை, கல்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையைப் பிடித்து அவளைக் கருங்கற்களின் மேல் இறக்கிவிட்டார்கள். ஒரு சின்ன அலை வந்து பட்டுப்புடவையை முழங்கால்வரை நனைத்துவிட்டது. சொல்லிக்கொள்வதற்குப் பதில் அவள் “ஐயோ, பொடவ” என்றாள். கடலுக்கு அது போதும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அடுத்த ஐப்பசியில் வீடு போனது. ஒரு பகல் பொழுதில், எல்லோரும் அவரவர் வேலையாக இருந்தபோது, பக்கச் சுவர் சாய்ந்த சத்தம் மட்டும் கேட்டது. அக்கம்பக்கத்தார் தகரத்தையும் கதவையும் எடுத்து வைத்து, குவார்ட்டர்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாசற்படிக் கல்லைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். நான்கு பேர் சேர்வதற்குள் அதன் மேலே லாரியில் வந்த கருங்கல்லைக் கொட்டிவிட்டார்கள்.

குவார்ட்டர்ஸ் வெகுதூரம் ஒன்றுமில்லை, பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் என் மைக் அங்கே கேட்காது. இரண்டாவது மாடியில் காத்தான் தாத்தா கட்டிலைக் கிழக்கு ஜன்னலோரம் போடச் சொன்னாராம். “மைக்கு இன்னா சொல்லுது” என்று காலையில் மருமகளைக் கேட்பாராம். அக்கா தெரியாமலேயே ஏதாவது ஓர் உயரம் சொல்லிவைப்பாராம். இதையெல்லாம் அக்கா பின்னால்தான் எனக்குச் சொன்னார்.

அதற்கடுத்த கோடையில் ஒருநாள் காலை நான் எப்போதும்போல் அறையைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபையர் புதிது, ஒரு கரகரப்பு இல்லை. அலை முக்கால் மீட்டர், காற்று தெற்கிலிருந்து என்று சொன்னேன். படகுகள் போயின. நல்ல மீன். மதியம் மலர் சிவந்த கண்ணோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது, தாத்தா விடியற்காலையிலேயே போய்விட்டார் என்று. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், நம் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. மைக் இல்லை என்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பழகிப்போன குடும்பம், சொல்லி அனுப்ப வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்ற நேரமாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் இருட்டோடு நாட்டார் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். சாவியை எடுத்தேன். “இன்னிக்கிப் போடாதம்மா” என்றார். போடவில்லை. கரையில் ஒரு படகும் இறங்கவில்லை. ஒருவரும் யார் என்று கேட்கவில்லை. நேற்றே முடிந்துபோன சாவுக்காகக் குப்பம் ஒரு நாள் தள்ளி நின்றது. நான் அறைக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. அலை உயரம் நேரே சட்டைப் பைக்குள் வந்து அதிர்ந்தது. மையத்தை மூடினார்கள், கம்பத்தைக் கழற்றினார்கள், அறை இருந்த இடத்திலும் இப்போது கல்தான். நான் வேறு வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, காந்தி சிலைக்கு எதிரே சுண்டல் தின்கிறவளாகப் பழையபடி ஆகிவிட்டேன். சிலைப் பக்கத்தில் கடலுக்குள் தடுப்பு ஏதோ போட்டு இப்போது கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் புரள்வதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்த மணல் குப்பம்வரை போகவில்லை. இனிமேல் கடலுக்குள்ளேயே காற்றாலை நட்டுக் கரன்ட் எடுப்பார்கள் என்றும் பேசிக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அந்தக் கம்பிக்கும் பச்சை பிடிக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

மலர் இப்போது பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அஞ்சலை அக்கா மகளோடுதான் இருக்கிறார், கண் சரியில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கரா வாங்கப் போனேன். செதிலைச் சுரண்டிக்கொண்டே மலர், “நாட்டாரு பூட்டாருக்கா” என்றாள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம், விடியற்காலை நேரத்தில் உயிர் போயிருக்கிறது.

“படகெல்லாம்?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது அதுவா என்று தெரியவில்லை, அதுதான் வாயில் வந்தது.

“எல்லாம் அதுக்கு முன்னயே கடலுக்குள்ள போயிருச்சுக்கா. எங்க வூட்டுக்காரரும்தான். வல வுடுற நேரத்துல போன்ல அவரு படம் வந்திருக்குது, மால போட்ட படம். எல்லா படகுலயும் ஒரே நேரத்துல பாத்திருக்காங்க. யாரும் யாருக்கும் சொல்லல, அவங்கவங்க இன்ஜின ஆஃப் பண்ணிட்டாங்களாம்.”

“எவ்வளவு நேரம்?”

மலர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அலையைப் பற்றி அத்தனை வருடம் மைக்கில் சொன்னவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

“இன்ஜின் நின்னா படகு எவ்ளோ நேரம் நிக்கும்கா. அல வந்து பக்கவாட்டுல திருப்புற வரைக்கும்தான். அப்புறமும் போடலேன்னா கவுத்துடும்” என்றாள். மீனைக் கழுவிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.